முக்கோணத்துக்குள் ஓர் இலக்கம்: கல்முனைக் கரைவரை வந்த குறியின் கதை

யோகட் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஒரு சின்ன முக்கோணம் தெரியும். ஒன்றையொன்று துரத்தும் மூன்று அம்புகள், நடுவில் 5 அல்லது 6 என்று ஓர் இலக்கம். தண்ணீர்ப் போத்தலின் அடியில் அது 1. ஷம்போ போத்தலில் பெரும்பாலும் 2. நெல் விளையும் நம் அம்பாறை மாவட்டத்தின் ஆலைகளிலிருந்து வெளிவரும் பின்னல் அரிசிப் பைகள் 5 ஆம் இலக்கத்தைச் சேர்ந்தவை. இந்தக் குறிக்கு நிறம் கிடையாது, மை கிடையாது. பிளாஸ்டிக்கை வார்க்கும்போதே அச்சில் எழும் சிறு மேடு அது. வாசிக்க வேண்டுமானால் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

பெரியநீலாவணையில் தொடங்கி மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று பிரதான வீதியை ஒட்டி நீளும் ஊர்களில் இந்தக் குறி நுழையாத வீடு ஒன்றுகூட இராது. தினமும் கைக்கு வருகிறது, தினமும் குப்பைக்குப் போகிறது. அம்பைப் பார்த்தவர்களில் பலர், ‘இதை எங்கேயோ கொண்டுபோய்த் திரும்பப் புதிதாக்குகிறார்கள்’ என்று நம்புகிறார்கள். அந்தக் குறி அப்படி ஒரு வாக்கை ஒருபோதும் தரவில்லை. தராத வாக்கை அது தந்ததுபோல் தோன்றியது எப்படி என்று அறிய, அது பிறந்த இடத்திலிருந்து வரவேண்டும்.

லொஸ் ஏஞ்சல்ஸ், 1970

1970 ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் முதலாவது புவி தினம் கொண்டாடப்பட்டது. ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் அதில் பங்குகொண்டார்கள் என்பது கணக்கு. அந்த எழுச்சியின் சூட்டில், காகித அட்டைப் பெட்டிகள் செய்யும் கொன்டெய்னர் கோர்ப்பரேஷன் ஒஃப் அமெரிக்கா என்ற சிக்காகோ நிறுவனம் மாணவர்களுக்கு ஒரு போட்டி வைத்தது. மீள்சுழற்சி செய்த காகிதத்துக்கு ஒரு சின்னம் வரைந்து தரவேண்டும். ஐந்நூறுக்கு மேற்பட்ட வரைபுகள் வந்தன. வென்றவர் கெரி அண்டர்சன், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்த 23 வயது மாணவர். பரிசு 2,500 டொலர்.

ஒரு பட்டியை அரை முறுக்கு முறுக்கி முனைகளை ஒட்டினால் கிடைக்கும் மோபியஸ் வளையம்தான் அவருடைய வரைபின் மூலம். அதில் உட்பக்கம், வெளிப்பக்கம் என்ற பிரிவு இல்லை. விரலை வைத்து நகர்த்தினால் தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும். முடிவில்லாத சுற்று என்ற எண்ணத்தை ஒரு இளைஞன் மூன்று மடிந்த அம்புகளில் அடக்கிவிட்டான்.

இரண்டு விடயங்களை இங்கே மனத்தில் இருத்த வேண்டும். இந்தச் சின்னம் காகிதத்துக்காகப் பிறந்தது. அதற்குள் எந்த இலக்கமும் இருக்கவில்லை. அடுத்து, நிறுவனம் இதற்கான வணிக உரிமையைத் தன் கையில் வைத்துக்கொள்ள முயன்று பின்னர் கைவிட்டது. அதனால் சின்னம் பொதுச்சொத்தானது. யாரும் எதிலும் பதிக்கலாம். ஒரு நல்ல எண்ணம் உலகம் முழுதும் பரவ அது வழிவிட்டது. அதே வழியால் அம்பு தவறான பொருள்களின் மேலும் போய் உட்கார்ந்தது.

இலக்கம் நுழைந்த ஆண்டு

1988 இல் அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழிற்துறைச் சங்கம் அந்த அம்புகளின் நடுவே 1 முதல் 7 வரையான இலக்கங்களை வைத்தது. நோக்கம் நேர்மையானதுதான். அப்போது அமெரிக்க நகரங்கள் வீட்டு வாசல்களில் பிளாஸ்டிக் போத்தல்களைச் சேகரிக்கத் தொடங்கியிருந்தன. சேகரித்தவற்றைத் தரம்பிரிக்கும் தொழிலாளிக்கு எது எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிய வேண்டும்.

அது ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். தண்ணீர்ப் போத்தல் செய்யும் பெட் பிளாஸ்டிக்கும் பி.வி.சி.யும் கண்ணுக்கு ஒரேமாதிரித் தெளிவாகத் தெரியும். பெட்டை உருக்க 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்ற வேண்டும். அந்தச் சூட்டில் பி.வி.சி. கருகி அமில வாயுவை வெளிவிடும். ஒரு தொகுதிப் பெட்டுக்குள் சிறிதளவு பி.வி.சி. கலந்தாலே முழுத் தொகுதியும் மஞ்சளித்துப் பயனற்றுப்போகும். ஆகவே 1 என்றால் பெட், 2 என்றால் கடினமான பொலிஎதிலின், 3 என்றால் பி.வி.சி., 4 என்றால் பைகளாகும் மென்மையான பொலிஎதிலின், 5 என்றால் பொலிப்ரொபிலின், 6 என்றால் யோகட் கோப்பையாகவும் ரெஜிபோமாகவும் வரும் பொலிஸ்டைரின், 7 என்றால் மற்றவை எல்லாம். ஆலைக்குள் நிற்பவருக்கு இது தெளிவான மொழி.

ஆனால் போத்தல் ஆலைக்குப் போகுமுன் வீட்டில் இருக்கிறது. வீட்டில் இருப்பவர் இலக்கத்தை வாசிக்கவில்லை, அம்பைப் பார்த்தார். மீள்சுழற்சிக்கென்று உலகம் அறிந்திருந்த அந்த அம்பு 3 இலும் இருந்தது, 6 இலும் இருந்தது, 7 இலும் இருந்தது. எந்த ஆலையும் வாங்காத பொருளும் வாங்கும் பொருளும் ஒரே அடையாளத்தை அணிந்துகொண்டன. அமெரிக்காவின் பல மாநிலங்கள் இந்தக் குறியைச் சட்டமாகவும் ஆக்கிவிட்டன.

தவறு உணரப்பட்டது. 2013 இல் நியமங்களை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். நிறுவனம் அம்புகளை நீக்கி வெறும் முக்கோணமாக மாற்றியது. ஆனால் அதற்குள் கால் நூற்றாண்டு கடந்திருந்தது. உலகெங்கும் தொழிற்சாலைகளில் கிடக்கும் உருக்கு அச்சுகளில் அம்பு ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தது. அச்சை மாற்றுவது செலவு. மாற்றும்படி வற்புறுத்துவார் இல்லை. அம்பு இன்றும் நம் கைக்கு வருவது இதனால்தான்.

இலங்கைக்கு வந்தபின்

குறி இலங்கைக்குச் சட்டமாக வரவில்லை, இறக்குமதிப் பொருள்களின் அடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளூர்த் தொழிற்சாலைகளும் அதையே பின்பற்றின. சட்டம் வேறு ஒரு வாசலால் வந்தது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், 20 மைக்ரோனுக்கும் மெல்லிய பொலித்தீன் 2007 இல் தடைசெய்யப்பட்டது. அந்தத் தடை கடைகளில் நிலைக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாளில் கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 32 பேர் உயிரிழந்தார்கள். குப்பையைப் பற்றிய பேச்சு அன்றுதான் நாட்டின் நடுக்கூடத்துக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 1 முதல் லஞ்ச் சீட்டுக்கும் ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டிக்கும் தடை வந்தது.

2021 ஜனவரியில் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடந்தன. உணவும் மருந்தும் தவிர்ந்த, 20 மில்லிலீற்றர் அல்லது 20 கிராமும் அதற்குக் குறைந்ததுமான சஷே பக்கெட்டுகள் உள்ளிட்ட சில பொருள்களுக்கு மார்ச் 31 முதல் தடை என்று வர்த்தமானி அறிவித்தது. அத்துடன், பிளாஸ்டிக் பொருள்களை இனங்காணும் நியமங்கள் பற்றிய ஒழுங்குவிதியும் வெளியானது. எந்தப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதைக் காட்டும் குறி பொருளில் இருக்கவேண்டும் என்பது இதன் சாரம். அமெரிக்க ஆலைகளுக்காக 1988 இல் வகுத்த ஏழு இலக்கங்கள் இவ்வாறு இலங்கைச் சட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்தன.

இது வேண்டிய சட்டம். இலக்கம் இல்லாத பிளாஸ்டிக்கை யாராலும் தரம்பிரிக்க முடியாது. ஆனால் அது ஆலையின் தேவையைத்தான் தீர்த்தது. வீட்டில் நிற்கும் உம்மாவின் கேள்வி அப்படியே நின்றது: இந்தக் கோப்பையை நான் எந்த வாளியில் போடுவது?

கல்முனையில் ஏழு இலக்கங்களுக்கும் ஏழு விதி

தண்ணீர்ப் போத்தலுக்குக் கேட்பார் உண்டு. பழைய இரும்பும் போத்தலும் வாங்க வருபவர்கள் அதையும் கிலோக் கணக்கில் எடுக்கிறார்கள். நசுக்கிக் கட்டாகக் கட்டப்படும் பெட் போத்தல், ஹொரணையில் உள்ள எக்கோ ஸ்பிண்டில்ஸ் போன்ற ஆலைகளில் கழுவி, துண்டாக்கி, உருக்கி, பொலியஸ்டர் நூலாகவும் தூரிகை இழையாகவும் மாறுகிறது. நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்காரருக்கு நூலின் அருமை சொல்லித் தெரியவேண்டியதில்லை. குடித்து வீசிய போத்தல் நூலாகிறது என்பது நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் சொல்லப்பட வேண்டிய செய்தி.

2 ஆம் இலக்கப் போத்தல்களும் உடைந்த வாளி, பேசின், கதிரை போன்ற கனமான 5 ஆம் இலக்கப் பொருள்களும் விலைபோகும். இவை மீண்டும் வாளியாகவும் குழாயாகவும் வரும். இதற்கு மேல் குறியின் பேச்சு நின்றுவிடுகிறது. பிளாஸ்டிக் கதிரையும் 5, பிஸ்கட் சுற்றிய மெல்லிய உறையும் பெரும்பாலும் 5. கதிரைக்குக் காசு கிடைக்கும். உறையை யாரும் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார்கள். ஒரே இலக்கம், இரண்டு தலைவிதி. வாங்குபவருக்கு இலக்கத்தோடு எடையும் சுத்தமும் வேண்டும், ஒரு லொறி நிறையச் சேரும் அளவும் வேண்டும். காற்று நிரம்பிய வெறும் கோப்பைகளை ஏற்றிக்கொண்டு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் மேல்மாகாணம்வரை ஓடினால் டீசல் காசும் தேறாது.

யோகட் கோப்பை, பால்மா பக்கெட், பிஸ்கட் உறை, சிப்ஸ் பை ஆகியவற்றுக்கு ஊரில் கேட்பார் இல்லை. பால்மா பக்கெட்டில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படைபடையாக ஒட்டியிருக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் வழி இங்கே இல்லை. பின்னேரங்களில் வளவின் மூலையில் இவை எரிகின்றன. இவற்றோடு பி.வி.சி.யும் சேர்ந்து எரிந்தால் அமில வாயுவும் டயொக்சின் என்ற நஞ்சும் கிளம்பும். புதைத்தால், கடற்கரை மணலில் சில அடி ஆழத்திலேயே நிற்கும் கிணற்று நீருக்கு அயலாகப் புதைக்கிறோம். வீதியில் எறிந்தால் மாரிமழை அதை வடிகான்களுக்கும் சாய்ந்தமருதுத் தோணா நீரோடைக்கும் இழுத்துச் செல்கிறது. தோணா திறந்தால் கடல். மீதி, குப்பை வண்டியில் ஏறுகிறது.

குறியின் கடைசித் தரிப்பு

அந்த வண்டி போய் நிற்கும் இடங்களில் உலகம் அறிந்தது ஒன்று உண்டு: ஒலுவிலுக்கு மேற்கே, அட்டாளைச்சேனைப் பிரதேச சபை எல்லைக்குள் வரும் அஷ்ரப் நகர், பள்ளக்காட்டுக் குப்பைமேடு. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் ஐ.நா. நிறுவனத்தின் ஊடாக அம்பாறை மாவட்டத்துக் கழிவகற்றலைச் சீராக்கும் வேலைகள் நடந்தன. அவை முறையாகத் தொடரவில்லை. சம்மாந்துறை, கல்முனை, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு ஆகிய ஊர்களின் குப்பை அந்தக் காட்டோரத்தில் கொட்டப்பட்டது.

காட்டுக்குள் யானைகள் இருந்தன. பையில் கட்டி எறிந்த சோறும் கறியும் பழத்தோலும் வாசம் வீசின. பையைப் பிரித்து உண்ணும் வழக்கம் யானைக்கு இல்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் தர்மபாலன் திலக்ஷன் எடுத்த படங்கள், குப்பைமேட்டில் கூட்டமாக நின்று பொலித்தீனோடு உண்ணும் அந்த யானைகளை 2020 இல் உலகப் பத்திரிகைகளுக்குக் கொண்டுசென்றன. 2022 ஜனவரியில் அங்கே மேலும் இரண்டு யானைகள் இறந்து கிடந்தன. எட்டு ஆண்டுகளில் அந்த மேட்டின் பிளாஸ்டிக்கைத் தின்று இறந்தவை ஏறத்தாழ இருபது என்று அப்போது செய்தி வந்தது. உடற்கூற்றுப் பரிசோதனையில் வயிற்றில் பொலித்தீனும் உணவு உறைகளும் ஜீரணமாகாத பிற பொருள்களுமே காணப்பட்டன என்றார் வனவிலங்கு வைத்தியர்.

முடிவில்லாத சுற்றைக் குறிக்கப் பிறந்த அம்பு, ஐம்பது ஆண்டுகளில் ஒரு யானையின் இரைப்பையில் வந்து முடிந்திருக்கிறது. அந்தப் பைகள் எங்கள் வீடுகளில் முடிச்சுப் போடப்பட்டவை. இதை நாம் மறுக்க முடியாது.

எங்கள் கண்கள் பழகியவை

‘நம் சனம் லேபலை வாசிக்காது’ என்று சொல்பவர்கள் உண்டு. இந்தக் கரையைத் தெரிந்தவர் அப்படிச் சொல்லமாட்டார். கடையில் பக்கெட்டைத் திருப்பிப் பார்த்து வாங்கும் பழக்கம் நமக்குப் பழையது. ஹலால் முத்திரை அதைப் பழக்கியது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா வழங்கிவந்த ஹலால் சான்றிதழ் 2013 இல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 2014 முதல் அந்தப் பணியை ஹலால் அக்ரெடிடேஷன் கவுன்சில் என்ற தனி நிறுவனம் ஏற்றது. முத்திரை மாறியபோதும் தேடிப் பார்க்கும் கண் மாறவில்லை. பத்து வயதுப் பிள்ளைகூட சொக்லட் உறையில் அதைத் தேடுகிறது. தேடினால் ஒரு பதில் கிடைக்கிறது என்பதுதான் காரணம்: வாங்கலாம் அல்லது வாங்க வேண்டாம்.

அடுத்த சாட்சி சோடாப் போத்தலின் முன்பக்கத்தில் இருக்கிறது. 2016 ஆகஸ்டிலிருந்து இலங்கையில் குளிர்பானங்களில் சீனியின் அளவைக் காட்டும் வண்ண வட்டக் குறி கட்டாயமானது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. எழுத்தறியாத மூத்தம்மாவும் சிவப்பைப் பார்த்து, ‘இது சீனி வருத்தக்காரருக்கு ஆகாது’ என்கிறா. சீனியின் இரசாயனப் பெயரை அந்த வட்டம் சொல்வதில்லை. என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்கிறது. அதனால்தான் அது வேலை செய்கிறது.

இந்த இரண்டையும் முக்கோணத்தோடு ஒப்பிட்டால் குறை எங்கே என்று விளங்கும். முக்கோணம் ஒளிந்திருக்கிறது, மற்றவை முன்னால் நிற்கின்றன. முக்கோணம் பொருளின் பெயரைச் சொல்கிறது, மற்றவை செயலைச் சொல்கின்றன. ஹலால் முத்திரைக்குப் பின்னால் சோதித்துப் பார்க்கும் ஓர் அமைப்பு இருக்கிறது, வண்ண வட்டத்துக்குப் பின்னால் அளவு குறித்த சட்டம் இருக்கிறது. அம்புக்குப் பின்னால் யாரும் இல்லை.

திருத்திய நாடுகள்

இந்தக் குறையை மற்ற நாடுகளும் கண்டன. பிரித்தானியா 2009 இல் பொதி மேல் மீள்சுழற்சிக் குறி என்ற பொது ஏற்பாட்டைத் தொடங்கியது. ‘மீள்சுழற்சி செய்’, ‘செய்யாதே’ என்று பேசும் குறி அது. அமெரிக்காவில் 2012 இல் வந்த ஹவ்-டு-ரீசைக்கிள் லேபல் பொதியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டுகிறது: போத்தலைக் கழுவிப் போடு, மேலுறையைக் கழற்றிக் குப்பையில் போடு. அவுஸ்திரேலியா 2018 இல் அதே வழியில் தன் குறியைக் கொண்டுவந்தது. கலிபோர்னியா 2021 இல் ஒரு படி மேலே போய்ச் சட்டம் இயற்றியது: மாநிலத்தில் உண்மையிலேயே சேகரித்து மீள்சுழற்சி செய்யப்படாத பொருளில் அம்பை அச்சிடக் கூடாது. அம்பு பிறந்த மண்ணே அதற்குக் கடிவாளம் போட்டது. பிரான்சு 2022 முதல் வீட்டுப் பொதிகளில் எதை எங்கே போடுவது என்ற விளக்கத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2028 இலிருந்து எல்லா உறுப்பு நாடுகளுக்கும் ஒரே குறியைக் கொண்டுவருகிறது.

இந்த நாடுகள் கண்ட பாடம் ஒன்றுதான். லேபல் ஆலையிடம் ஒன்று பேசவேண்டும், வீட்டிடம் இன்னொன்று பேசவேண்டும். வீட்டிடம் பேசுவது உண்மையாக இருக்க, வாசலுக்கு வண்டி வரவேண்டும்.

கேட்கவேண்டியவை

இலங்கையில் இதற்கான துண்டுகள் எல்லாம் ஏற்கெனவே கிடக்கின்றன. ஏழு இலக்கங்கள் சட்டத்தில் இருக்கின்றன. தரம்பிரிக்கும் வாளிகளுக்கு நாடளாவிய நிறமுறை இருக்கிறது: உக்கும் கழிவுக்குப் பச்சை, காகிதத்துக்கு நீலம், பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். மூன்று மொழிகளிலும் பெயர் அச்சிடும் பழக்கம் இருக்கிறது. இவற்றைச் சேர்த்துத் தைப்பதுதான் மிச்சம்.

மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடம் கேட்கவேண்டியது: பொதியின் முன்பக்கத்தில், சீனி வட்டத்தின் அளவில், மூன்று மொழியிலும் மூன்றே கட்டளை. ‘கழுவிக் கொடு.’ ‘பிரித்துக் கொடு.’ ‘எடுப்பதில்லை.’ முதல் இரண்டும் செம்மஞ்சள் வாளியின் நிறத்தில், மூன்றாவது கறுப்பில். எடுக்க ஆளில்லாத பொதியில் அம்பு அச்சிடுவதைத் தடைசெய்ய வேண்டும். கறுப்புக் குறி ஒட்டப்பட்ட பொருளை விற்க எந்தக் கம்பனியும் கூச்சப்படும். பொதியை மாற்றும் எண்ணம் அங்கேதான் பிறக்கும்.

மாநகர சபையிடமும் பிரதேச சபைகளிடமும் கேட்கவேண்டியது: வாரத்தில் ஒரு நாள் செம்மஞ்சள் நாள். அன்று பிளாஸ்டிக்கை மட்டும் எடுக்க வேண்டும். அதை மற்றக் குப்பையோடு ஒரே பெட்டியில் கொட்டக் கூடாது. பிரித்துக் கொடுத்ததை வண்டி கலந்துவிடுவதைக் கண்ட வீட்டுக்காரர் மறுவாரம் பிரிக்கமாட்டார். பக்கத்துச் சபைகள் சேர்ந்து ஒரே இடத்தில் நசுக்கிக் கட்டினால் ஒரு லொறி நிறையும், மேல்மாகாண ஆலைகள்வரையான தூரமும் கட்டுப்படியாகும்.

வாசகர்களிடம் கேட்பது சட்டத்துக்குக் காத்திருக்காதது. போத்தலையும் வாளித் துண்டையும் கழுவிக் காயவைத்து ஒரு உரப்பையில் சேருங்கள். மூடியைக் கழற்றி வேறாக வையுங்கள், ஏனெனில் பெட் தண்ணீரில் தாழும், மூடி மிதக்கும், இரண்டும் வேறு பிளாஸ்டிக். சாப்பாட்டு மிச்சத்தைப் பொலித்தீன் பையில் முடிந்து எறிவதை இன்றோடு நிறுத்துங்கள்; யானைகளைக் கொன்றது அந்த முடிச்சு. ஜும்ஆ மேடைகளில் வீண்விரயத்தைப் பற்றியும் பாதையில் கிடக்கும் துன்பத்தை அகற்றுவது பற்றியும் பேசும் நம் உலமாக்கள், ஒரு வெள்ளிக்கிழமை இந்தப் பையைப் பற்றியும் பேசவேண்டும். அடுத்த முறை உங்கள் வட்டாரத்து உறுப்பினர் வாக்குக் கேட்டு வாசலுக்கு வரும்போது ஒரு யோகட் கோப்பையைக் கையில் கொடுத்து, இதை எங்கே போடுவது என்று கேளுங்கள். பதில் கிடைக்கும்வரை கேளுங்கள்.